இடப்பக்கத்து எலும்புகள்

முதல் எம்.பி.பி.எஸ். தேர்வுக்கு முந்தைய படிப்பு விடுமுறையில் ஒரு தகரப் பெட்டி நிறைய மனித எலும்புகளோடு ஊருக்கு வந்தேன்.

உடற்கூறியல் வாய்மொழித் தேர்வில் பரிசோதகர் ஓர் எலும்பை எடுத்துக் கையில் கொடுப்பார். அது எந்த எலும்பு, உடம்பின் எந்தப் பக்கத்தது, எந்தத் தசை எங்கே பற்றியிருக்கிறது என்று தடுமாறாமல் சொல்ல வேண்டும். புத்தகப் படத்தை வைத்து இதைக் கற்க முடியாது. எலும்பு கையில் இருக்க வேண்டும். இரண்டு கை, இரண்டு கால் இருந்தாலும் படிக்க ஒரு பக்கம் போதும் என்பதால் மேல்வகுப்பு மாணவர்களிடம் ‘பாதி செட்’ வாங்கிக்கொள்வது வழக்கம். எனக்கு ஒரு சீனியர் அக்கா இரவல் கொடுத்தார். மண்டையோட்டையும் இடுப்பெலும்பையும் வேறொருத்தி முன்பே வாங்கிப் போயிருந்தாள். எனக்கு ஒரு கையும் ஒரு காலும் கழுத்துக்குக் கீழே உள்ள காரை எலும்பும் கிடைத்தன. தேர்வில் தவறினால் அரசு உதவித்தொகை நின்றுவிடும். உதவித்தொகை நின்றால் படிப்பும் நின்றுவிடும்.

தஞ்சாவூரில் பஸ் மாறியபோது கண்டக்டர் பெட்டியை ஆட்டிப் பார்த்தார்.

“என்னம்மா கடகடங்குது? சீர் பாத்திரமா?”

“ஆமாங்க.”

“உடையாம கொண்டு போ. மாமியார் எண்ணிப் பாப்பா.”

எங்கள் ஊர் கீழ்வேளூரிலிருந்து நடக்கும் தூரம். அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போய் என்னைப் படிக்க வைத்தாள். எங்கள் தெருவுக்கு மனைப்பட்டா வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. வாசலை மிதிக்க இனி எவன் தயவும் வேண்டாம் என்று அம்மா புதிதாக மண் கொட்டி மெழுகியிருந்தாள். அந்தத் தரையில்தான் பெட்டியைத் திறந்தேன்.

“என்னாடி இது, ஆட்டெலும்பா?”

“மனுச எலும்பும்மா. பரீச்சைக்கு.”

அம்மா சுவரோரம் ஒதுங்கினாள். “டாக்டருக்குப் படிக்கப் போனியா, வெட்டியான் வேலைக்குப் போனியா? அந்த வேலை நம்ம தலையில இனிமே விழக் கூடாதுன்னுதானடி ஒன்ன பள்ளிக்கூடத்துல விட்டேன்.”

பெட்டி கொல்லைக்குப் போனது. வைக்கோல் போருக்கு அடியில் அதற்கு இடம். நான் பூவரச மரத்தடியில் சாக்கை விரித்து, ஒவ்வொன்றாக எடுத்து, உரக்கச் சொல்லிப் படித்தேன். குளித்துவிட்டு வந்தால்தான் சோறு. நான் படிக்கும் பக்கம் அம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு நாள் காலை, கதிர் அரிவாளோடு வேலைக்குக் கிளம்பியவள் நேராக மரத்தடிக்கு வந்தாள். அரிவாளைக் கீழே வைத்தாள்.

“இது யாரோடது?”

“தெரியாதும்மா. ஆஸ்பத்திரியில யாரும் கேக்காத பொணத்தக் காலேஜுக்குக் குடுத்துருவாங்க.”

“எப்பக் குடுத்தது?”

“போன வருசமோ, அதுக்கு முந்தியோ.”

“யாரும் கேக்கலன்னு யாரு சொன்னா? நாங்க கேட்டமே. டேசன் டேசனா நின்னு கேட்டமே.”

அவள் யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கியது. என் தாய்மாமாவை. இரண்டு வருடங்களுக்கு முன், அறுவடைக் கூலியில் அரை மரக்கால் நெல் கூட்டிக் கேட்ட தகராறில், மிராசுதார் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். தடுக்கப் போனவர்களில் மாமாவும் ஒருவர். அடிதடி, போலீஸ் வண்டி, சிதறி ஓடிய கூட்டம். மற்றவர்கள் ஜெயிலிலிருந்தோ ஆஸ்பத்திரியிலிருந்தோ திரும்பி வந்தார்கள். மாமா வரவில்லை. தலைமறைவு என்றது போலீஸ். செத்தார் என்று சொல்ல உடல் இல்லாததால் அம்மா தம்பிக்குக் கருமாதி செய்யவில்லை.

“எலும்ப வச்சு ஆளச் சொல்லலாமா?” என்றாள்.

“கொஞ்சம் சொல்லலாம்.”

தேர்வில் சொல்வதைப் போலவே தொடங்கினேன். வளரும் வயதில் எலும்பின் முனைகள் தனித்தனியாக இருக்கும்; இதில் எல்லா முனைகளும் ஒட்டிவிட்டன, ஆகவே வளர்ந்த ஆள். கடைசியாக ஒட்டுவது காரை எலும்பின் நெஞ்சுப் பக்கத்து முனை; அதுவும் ஒட்டியிருக்கிறது, ஆகவே இருபத்தைந்தைத் தாண்டியவர். தொடை எலும்பின் தலை பெரிது, அநேகமாக ஆண். மாமாவுக்கு அப்போது முப்பது வயது. நான் சொல்லச் சொல்ல அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே வந்துகொண்டிருந்தார். நான் நிறுத்திக்கொண்டேன்.

“முன்கை ஒடிஞ்சிருக்கா பாரு,” என்றாள் அம்மா. “தென்ன மரத்துலேருந்து விழுந்தான்ல.”

எலும்பு ஒடிந்து கூடினால் கூடின இடம் தடித்து மேடாகும். ஆயுளுக்கும் அந்த அடையாளம் பெரும்பாலும் மறையாது. முன்கையின் இரண்டு எலும்புகளையும் எடுத்து விரலை ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் வழவழவென்று இருந்தன. மாமா இல்லை என்று சொல்ல வாயெடுத்த நான், அப்போதுதான் கேட்டேன்.

“எந்தக் கைம்மா?”

“சோத்துக் கை. ஒரு மாசம் நாந்தானே அவனுக்கு ஊட்டி விட்டேன்.”

என்னிடம் இருந்தது முழுக்க இடப்பக்கம்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். எலும்பு ஒடியவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தால் அது பொய்யாகாது. அவளும் வேலைக்குப் போயிருப்பாள்.

“இது பீச்சாங்கைம்மா. அந்தக் கை இதுல இல்ல.”

“அது எங்க?”

“வேற யாராவது வச்சுப் படிச்சுக்கிட்டு இருப்பாங்க.”

“அப்ப அவனா இல்லியான்னு ஒனக்குத் தெரியாது.”

“தெரியாதும்மா.”

“இதெல்லாம் பரீச்சையில கேப்பாங்களா?”

“கேக்க மாட்டாங்க.”

அவள் அன்று வேலைக்குப் போகவில்லை. எலும்புகளைப் பெட்டியில் அடுக்கச் சொன்னாள். பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். “அவனா இருந்தா வைக்கப்போருல கெடக்க விடலாமா?” என்றவள், பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, “வேற எவனா இருந்தாலும்தான்,” என்றாள். பழைய புடவையைக் கிழித்துப் பெட்டிக்குள் விரித்தாள். விடுமுறை முடியும்வரை நான் வீட்டுக்குள்ளேயே படித்தேன். எலும்பைத் தரையில் சத்தம் கேட்கும்படி வைத்தால் அடுப்படியிலிருந்து, “மெதுவாடி,” என்பாள்.

தேர்வில் தேறினேன். பெட்டியை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தேன். அது அடுத்த வகுப்புப் பெண்ணிடம் போனது. அதன் பிறகு விடுமுறைக்கு ஊர் வரும்போதெல்லாம் அம்மா முதலில் சோறு போடுவாள். நான் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்ததும் கேட்பாள்.

“சோத்துக் கை எதுவும் பாத்தியா?”

பார்த்திருப்பேன். விடுதியில் யாரிடம் வலப்பக்கச் செட் இருந்தாலும் கேட்டு வாங்கி, முன்கை எலும்புகளை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்திருப்பேன். சிலவற்றில் ஒடிந்து கூடிய மேடும் இருக்கும். ஆனால் ஒன்று மெலிந்த சிறிய கையாக இருக்கும், இன்னொன்றில் முனை ஒட்டியே இருக்காது. அவற்றை அம்மாவிடம் விவரமாகச் சொல்வேன். அவள் குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்பாள்.

“இவன் இல்ல,” என்பாள். பிறகு என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள்.