சுண்டுவிரல் கேடயம்

“கடைசியா அதை எங்க பாத்தீங்க?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை அக்கா பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறார். எதிரே நிற்பவர் குடையைத் தொலைத்தவராக இருக்கலாம், பல்செட்டைத் தொலைத்தவராகவும் இருக்கலாம். அக்காவுக்கு இரண்டும் ஒன்றுதான். ரயில் நிலையத்தின் மூன்றாம் சன்னல், தொலைந்த பொருள் பிரிவு. பத்தொன்பது வருடமாக அங்கே உட்கார்ந்திருக்கிறார். கத்துகிறவர்களைக் கத்த விடுவார். கத்தி முடித்ததும் அதே கேள்வியை அதே குரலில் இன்னொரு முறை கேட்பார். பக்கத்துச் சன்னலில் பயணச்சீட்டு கொடுக்கிற எனக்கு அந்தக் கேள்வி மனப்பாடம்.

எங்கள் வேலை மதியம் ஒரு மணிக்குத்தான் ஆரம்பம். காலையில் இரண்டு மணி நேரம் இதே கேள்வியை அக்கா வேறோர் இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது நிலையத்தில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

அது இணையத்தில் பல்லாயிரம் பேர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டு. பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும். கடல், துறைமுகங்கள், சரக்குக் கப்பல்கள், கொள்ளைக்காரர்கள். அந்தக் கொள்ளைக்காரர்கள் கணினி செய்த பொம்மைகள் அல்ல. எங்கோ ஒரு வீட்டில் பல் துலக்கிக்கொண்டே உங்கள் கப்பலை மூழ்கடிக்கிற அசல் மனிதர்கள். திரையில் எண்பது பொத்தான்கள் இருக்கும். எது எதற்கென்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். மூழ்கினால் கப்பலும் போச்சு, சரக்கும் போச்சு. அக்காவின் பேச்சைக் கேட்டு நானும் பதினொரு நாள் ஆடிப் பார்த்தேன். பதினாலு கப்பல் போனது. அதில் மூன்று, துறைமுகத்துச் சுவரிலேயே மோதி மூழ்கியவை. பன்னிரண்டாம் நாள் மடிக்கணினியை மூடி அதன்மேல் துணிக்கூடையைத் தூக்கி வைத்துவிட்டேன்.

புதிதாக வந்து மூக்குடைபடுகிறவர்களுக்கென்று அங்கே ஓர் அரட்டைக் குழு இருக்கிறது. தமிழ் பேசுகிறவர்கள் முந்நூறு பேராவது இருப்பார்கள். அக்கா அங்கே வைத்துக்கொண்டிருக்கும் பெயர் சாவிக்கொத்து. எங்கள் நிலையத்தில் அதிகம் தொலைவது அதுதான். குழுவில் எல்லோருக்கும் அவர் சாவியக்கா. வங்கி மேலாளர், பிரசவ விடுப்பில் இருக்கிற ஆசிரியை, லாரி ஓட்டுநர் என்று யார் யாரோ வந்து அழுவார்கள். “ஒரு வாரமா சேத்ததெல்லாம் போச்சுக்கா, நான் இந்த சனியனையே விட்டுடறேன்” என்று ஒருவர் எழுதுவார். அக்கா ஆறுதல் சொல்லமாட்டார். “கடைசியா கப்பலை எங்க பாத்தீங்க?” என்பார்.

அவருடைய அறிவுரைகளில் வீரம் கிடையாது. “முதல் கப்பலுக்குப் பேரு வச்சுக் கொஞ்சாதீங்க. அது முழுகத்தான் வாங்கினது.” “இழந்தா அழுவீங்கன்னா அந்தச் சரக்கை ஏத்தாதீங்க.” “யார் அடிச்சான்னு தேடாதீங்க. அவன் உங்களை எப்பப் பாத்தான்னு யோசிங்க.” மூழ்கிய கையோடு மறுபடி கிளம்புகிறவர்களை மட்டும் கொஞ்சம் அதட்டுவார்: “எந்திரிச்சுப் போய் ஒரு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு வாங்க. கடல் எங்கயும் ஓடிடாது.” விட்டுவிட்டுப் போகிறேன் என்பவர்களைத் தடுக்கவே மாட்டார். “சரி, போயிட்டு வாங்க. மிச்சம் இருக்கறது துறைமுகத்துல பத்திரமா இருக்கும்” என்பதோடு சரி. அப்படிச் சொல்லப்பட்டவர்களில் பாதிப் பேர் மூன்றாம் நாள் திரும்பி வந்துவிடுவார்கள். நான் வரவில்லை. அதற்காக அக்கா என்னை ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை.

அக்காவின் கணவர் லிப்ட் மெக்கானிக். வாய் நிறையப் பேசுகிற மனிதர். எட்டு வருடமாக இந்த விளையாட்டைக் கிண்டல் செய்தே பொழுதைக் கழித்தவர். “உங்கக்கா பொம்மைக் கப்பல் விடப் போயிருக்கா, நீங்க உக்காருங்க” என்றுதான் வீட்டுக்கு வருகிறவர்களை வரவேற்பார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கதவைத் தொட்டாலும் மூன்று முறை மூடித் திறப்பார். பீரோ, குளிர்சாதனப் பெட்டி, மற்றவர் வீட்டுக் குளியலறை, எதுவும் விலக்கு இல்லை. லிப்டைச் சரிசெய்தபின் கதவு மூன்று முறை ஒழுங்காக மூடித் திறந்தால்தான் ஆளை ஏற்றுவார்களாம். எங்கள் வீட்டு அலமாரிக்கும் அந்தப் பரிசோதனை நடந்திருக்கிறது. தேறவில்லை.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு கட்டடத்தில் கயிற்றுச் சக்கரத்தில் அவருடைய வலது கை மாட்டிக்கொண்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் நசுங்கின. விரல்களைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், அசைக்காமல் விட்டால் கட்டையாகிவிடும் என்று மருத்துவமனையில் பயிற்சி கொடுப்பவர் ஒரு ரப்பர் பந்தைத் தந்து அனுப்பினார். இவர் அதை இரண்டு நாள் அமுக்கிப் பார்த்துவிட்டு பீரோ மேல் எறிந்துவிட்டார். பேச்சு நின்றது. கிண்டல் நின்றது. கதவை மூன்று முறை மூடுவதும் நின்றது. இடது கையால் ஒருமுறை தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவார். வேலை பார்க்கும் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது: இந்த மாதக் கடைசிப் புதன்கிழமை வந்து கையைக் காட்ட வேண்டும், விரல் மடங்கி ஸ்பேனரைப் பிடிக்க முடிந்தால் பழைய வேலை, முடியாவிட்டால் இல்லை. அந்தக் கடிதத்தை அவர் மடித்து நாற்காலிக் காலின் கீழ் முட்டுக் கொடுத்திருந்தார். “நாற்காலி ஆடுது, அதான்” என்றாராம்.

இதெல்லாம் அக்கா எனக்குச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னவை. அழாமல்தான் சொன்னார். பேனா மூடி மட்டும் கழன்று கழன்று மாட்டிக்கொண்டிருந்தது.

அப்புறம்தான் பயணி 4417 வந்து சேர்ந்தார். பெயர் வைத்துக்கொள்ளாத புதியவர்களுக்கு விளையாட்டே இப்படி ஓர் எண்ணைத் தலையில் கட்டிவிடும். அந்த 4417 ஒரே வாரத்தில் ஒன்பது கப்பலைப் பறிகொடுத்தார். குழுவில் வந்து, “என் கப்பல் மட்டும் எப்படி எல்லார் கண்லயும் படுது?” என்று கேட்டார். அக்கா ஒரு சிறு படகை எடுத்துக்கொண்டு அவர் பின்னாலேயே போய்ப் பார்த்தார். கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தது. நின்றது. சரக்குக் கதவு திறந்து மூடியது. மறுபடி திறந்து மூடியது. மூன்றாம் முறையும். கதவு திறக்கும்போதெல்லாம் அதன் மேல் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். மூன்று கல் தொலைவில் இருப்பவனுக்கும் அது தெரியும். இரண்டே நிமிடத்தில் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள், கப்பல் போனது. அதே நொடியில் அக்கா வீட்டு முன்னறையில் நாற்காலி கிரீச்சிட்டது. “சே” என்று ஒரு குரல் கேட்டது.

“எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன். செய்தி படிக்கற மாதிரி உக்காந்திருக்கார். பொண்ணோட பழைய கம்ப்யூட்டரு. இடது கை மவுஸ் மேல. வலது கை மடியில செத்துக் கிடக்கு” என்றார் அக்கா.

“கேட்டுட வேண்டியதுதானேக்கா?”

“வாயைத் தொறந்தா அன்னையோட நிறுத்திடுவாரு. எட்டு வருஷம் கிண்டல் பண்ண மனுஷன். எங்கிட்டயா வந்து கத்துக்கொடுன்னு கேப்பாரு?”

அன்றிலிருந்து குழுவில் சாவியக்காவின் மைக் கெட்டுப்போனது. சாவியக்கா யாரென்று கணவருக்குத் தெரியாது, குரலைக் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று எழுத்திலேயே பேசினார். அவருடைய மடிக்கணினியில் ஓர் எழுத்துப் பொத்தானுக்கு மூடி கிடையாது. தட்டினால் டொக்கென்று சத்தம் வரும். இரண்டு அறைக்கும் நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். அந்தச் சத்தமும் காட்டிக்கொடுக்கும் என்பது மட்டும் ஏனோ அக்காவுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் 4417-க்கு அவர் ஓர் அறிவுரை கொடுத்தார். “மவுஸை இடது கையில வச்சுக்குங்க. கதவையும் கேடயத்தையும் விசைப்பலகையோட வலது ஓரத்துக்கு மாத்திக்குங்க. மோதிர விரலால கதவு, சுண்டு விரலால கேடயம். நல்லா ஆடறவங்க எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காங்க.” கேடயம் என்பது கப்பலைச் சுற்றி வரும் ஒரு நீல வளையம். பொத்தானை அமுக்கிப் பிடித்திருக்கும் வரைதான் நிற்கும். அக்கா சொன்னது வடிகட்டின பொய். அந்த விளையாட்டில் யாரும் அப்படி ஆடுவதில்லை. ஆனால் சாவியக்கா சொல்லிவிட்டார் என்று குழுவில் இருந்த மற்ற புதியவர்களும் மவுஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்கள். பத்து விரலும் பழுதில்லாத முப்பது நாற்பது பேர் இன்றைக்கும் அங்கே சுண்டுவிரலால் கேடயம் பிடித்துக் கஷ்டப்படுகிறார்கள். அவர்களிடம் உண்மையைச் சொல்ல அக்காவுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

பதினோராவது கப்பலும் பன்னிரண்டாவதும் போயின. ஒருநாள் காலை 4417 எழுதினார்: “நான் நிறுத்திக்கறேன். கேடயத்தை அஞ்சு நொடிகூடப் பிடிக்க முடியல. இதுக்கெல்லாம் நான் லாயக்கில்ல.”

“மத்தவங்களுக்குச் சொல்ற மாதிரி ‘சரி, போயிட்டு வாங்க’ன்னு எழுதப் போனேன். கை வரல” என்றார் அக்கா. ஏதாவது எழுதியாக வேண்டும். கடைசியில் எழுதியது இதுதான்: “கதவை எதுக்கு மூணு தடவை திறக்கறீங்க?”

பதில் வந்தது: “வேலைப் பழக்கம். மூணு தடவை சரியா மூடினாத்தான் ஆளை ஏத்துவோம்.”

“நல்ல பழக்கம். விடாதீங்க. ஆனா துறைமுகத்துக்கு உள்ளயே அதை முடிச்சுட்டுக் கிளம்புங்க. சுவர் மறைச்சுக்கும், விளக்கு வெளிய தெரியாது. அஞ்சு நொடி பிடிக்கறவரு நாளைக்கு ஆறு நொடி பிடிப்பாரு. நாற்பது வந்தா ஊசிமுனையைத் தாண்டிடலாம்.”

ஊசிமுனை என்பது இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு குறுகல் வழி. கொள்ளைக்காரர்களின் குலத்தொழில் அங்கேதான். கேடயத்தை நாற்பது நொடி விடாமல் பிடித்தால் தாண்டலாம். தாண்டியவரை அப்புறம் யாரும் புதியவர் என்று சொல்லமாட்டார்கள். 4417 போகவில்லை. ஆறு நொடி வந்தது. ஒன்பது வந்தது. பதினேழில் பல நாள் நின்றது. ஒவ்வொரு நாளும் என் சன்னலுக்கு வந்து அக்கா ஓர் எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போவார். சீட்டு வாங்க நின்றவர்கள் அது ரயில் எண் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கையைக் காட்ட வேண்டிய புதன்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, வேலை மாற்றிக்கொள்ளும் தாளில் கையெழுத்து வாங்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். கணவர்தான் கதவைத் திறந்தார், இடது கையால். “உள்ள இருக்கா” என்று சொல்லிவிட்டு அவசரமாகத் தன் நாற்காலிக்குத் திரும்பினார். திரையைக் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். உள்ளறையில் அக்கா கட்டிலில் மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் உதட்டில் விரல் வைத்தார். “வாயத் தொறந்தே, தெரியும் சேதி” என்று காற்றுக் குரலில் சொன்னார்.

திரையில் துறைமுகம். சுவருக்கு உள்ளே ஒரு கப்பலின் கதவு திறந்து மூடியது. மூன்று முறை. அக்கா உதட்டுக்குள் எண்ணினார். கப்பல் கிளம்பியது. அக்காவின் சிறு படகு தள்ளியே பின்னால் போனது. பாறைகள் நெருங்கின. இரண்டு பக்கத்திலிருந்தும் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். கப்பலைச் சுற்றி நீல வளையம் எழுந்தது.

அக்கா நினைத்திருந்தால் நடுவில் புகுந்து அவர்களைச் சிதறடித்திருக்கலாம். எட்டு வருட அனுபவம். அவர் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்துகொண்டார். பதினேழு தாண்டியது. இருபத்தைந்து ஆனது. முன்னறையில் நாற்காலி கிரீச்சிடவில்லை. முப்பத்திரண்டில் வளையம் ஒருமுறை மங்கியது. மங்கியது மறுபடி பிரகாசமானது. துணிக்கூடையின் அடியில் கிடக்கிற என் மடிக்கணினியை நினைத்து அப்போது வெட்கமாக இருந்தது. நாற்பது ஆயிற்று. பாறைகள் பின்னால் போய்விட்டன.

குழுவில் ஒரே வார்த்தை வந்தது: “தாண்டிட்டேன்.” வாழ்த்துகள் மழையாகக் கொட்டின. அக்கா கையை எடுத்து, “பாத்தேன்” என்று எழுதினார். டொக், டொக் என்று அந்த மூடியில்லாத எழுத்து சத்தம் போட்டது.

முன்னறையில் யாரோ எழுந்திருக்கும் ஓசை. அக்கா பதறி மடிக்கணினியைப் பாதி மூடினார். கணவர் அறை வாசலில் வந்து நின்றார். அக்காவைப் பார்த்தார், பாதி மூடிய கணினியைப் பார்த்தார். என்னைப் பார்த்து, “காப்பி குடிக்கறீங்களா? நான் போடறேன்” என்றார். ஏழு மாதத்தில் அவர் வாயிலிருந்து வந்த நீளமான பேச்சு அதுதான் என்று அக்கா பிறகு சொன்னார்.

“போடுங்க” என்றார் அக்கா.

அவர் போகத் திரும்பினார். போகிற போக்கில் வலது கையை நீட்டி அறைக் கதவின் குமிழைப் பிடித்தார். சுண்டு விரல் கடைசியாக, மெதுவாக மடங்கி வந்து ஒட்டிக்கொண்டது. கதவை மூடித் திறந்தார். மறுபடி மூடித் திறந்தார். மூன்றாம் முறையும் மூடித் திறந்து, அக்காவின் முகத்தைப் பார்த்துத் தலையை ஒருதரம் அசைத்துவிட்டு, சமையலறைக்குப் போனார்.