நெடுந்தீவில் நின்றுபோன அத்திவாரம்

சுருவிலில் மச்சாளின் கலியாணம் முடிந்து, கொழும்புக்குத் திரும்ப ஒரு நாள் மிச்சம் இருந்தது. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தாலும் நெடுந்தீவைப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். குறிகட்டுவானில் காலை எட்டு மணிப் படகு, ஒரு மணிநேரக் கடல். உள்ளே இருந்தால் குடல் வாய்க்கு வரும், வெளியே இடம் பிடியுங்கள்.

இறங்குதுறையில் ஓர் ஆட்டோ பேசினேன். மூன்று மணிநேரத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஓட்டியவர் சிவபாதம் அண்ணை, அறுபது வயதிருக்கும். கோட்டை, குதிரைகள் எல்லாம் காட்டிவிட்டு, "தண்ணி குடிச்சிட்டுப் போவம்" என்று தன் வளவுக்குக் கூட்டிப்போனார்.

கல்வேலிக்குள்ளே ஒரு தகரக் கொட்டில். பக்கத்தில் முழங்கால் உயரத்தில் நின்றுபோன வீட்டு அத்திவாரம். அதற்கு நடுவே சிவப்பு பெயின்ற் அடித்த கட்டை ஒன்று.

"கரண்டுக்குக் காத்தாடி நடப்போகினம் எண்டு ஒரு நாட்டுக்காரர் அளந்தவை. பிறகு அவை போக, இன்னொரு நாட்டுக்காரர் வந்து அதே இடத்தை அளந்தவை. முடிவு வருமட்டும் வீடு கட்ட ஏலாதாம்" என்றார். "எங்கட நாடுதான், தம்பி. எங்கட ஆக்கள் அவைக்குக் குடை பிடிச்சுக்கொண்டு நிண்டவை."

வீடு அவருடைய மனைவிக்காகத் தொடங்கியது. பாரிசவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோனவர். "பின்வளவுக்குத் தூக்கிக்கொண்டு போகேக்க வெக்கத்தில அழுவாள். அறையோட ஒரு கக்கூஸ், அவ்வளவுதான் கேட்டவள்." இந்தத் தை மாதம் மனைவி இறந்துவிட்டார்.

இறங்குதுறைக்குத் திரும்பி அவரோடு படகுக்குக் காத்திருந்தபோது என் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை.

"அண்ணை, ரெண்டாவதா வந்தவையும் அந்தக் காத்தாடித் திட்டத்தைக் கைவிட்டிட்டினமே. பேப்பரில வந்தது. உங்களுக்குத் தெரியாதோ?"

"இல்லையே. எப்ப?"

"போன கார்த்திகையில."

என் முகத்தையே பார்த்தார்.

"அப்ப இவள் இருந்தவள்" என்றார். "முடிவு கடிதத்தில வரும், பொறு எண்டு கிராம அலுவலர், எங்கட விதானையார், சொன்னவர். நானும் பொறுத்தனான்."

ஐயோ, ஏன்தான் சொன்னேன்!

போகிறவர்கள் குடிநீரும் தொப்பியும் கொண்டுபோங்கள். நான் திரும்பிய படகு மூன்று மணிக்கு. நேரம் மாறும், இறங்கியதுமே விசாரித்து வையுங்கள்.

எங்கள் மண்ணில் எது நடக்கவேண்டும் என்று இரண்டு வெளித் தலைநகரங்கள் இழுபறிப்பட, எங்களுடையது தலையாட்டுகிறது. இதைப்பற்றி நானும் வாய்கிழியப் பேசியிருக்கிறேன். ஆனால் கார்த்திகையில் அந்தச் செய்தியைக் கொழும்பு வெள்ளவத்தையில் தேத்தண்ணி குடித்தபடி வாசித்துவிட்டு, உலக அரசியல்தானே என்று பக்கத்தைப் புரட்டினேன். அன்றைக்கு அந்த மனுசி உயிரோடு காத்துக்கிடந்தா.