தங்கச்சி தின்ற ஈரல் வறுவல்

"…அப்ப நான் வறுத்து வறுத்துப் போட்டதெல்லாம் போயி இவ ஈரல்லதான் ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்குதா தம்பி?"

தங்கச்சியைப் பெங்களூரு ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு ரயிலில் திரும்பி, தருமபுரி ஸ்டேஷன் வாசலுக்கு வந்ததும் அத்தை என்னிடம் கேட்டது இது. அத்தை என்றால் என் தங்கச்சியின் மாமியார். வழியெல்லாம் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தவர்.

என் ஈரல் கெட்டுப்போயிருந்தது. மாற்று வைத்தால்தான் பிழைப்பேன். ரத்த வகை பொருந்தியது தங்கச்சிக்கு மட்டும். கட்டிக்கொடுத்த பெண், இரண்டு பிள்ளைக்காரி, எப்படிக் கேட்பது? அத்தைதான் முந்திக்கொண்டு, கூடப் பிறந்தவனுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பாள் என்று சொல்லி மகனையும் சம்மதிக்க வைத்தார்.

பாதியை வெட்டி எடுத்தாலும் ஈரல் திரும்ப வளரும் என்று டாக்டர் சொன்னதை மட்டும் அத்தை கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். வெட்டின முருங்கை தழைக்க எரு வேண்டாமா என்பது அவர் கட்சி. வாரத்தில் மூன்று நாள் ஆட்டு ஈரல் வறுவல், களி உருண்டையில் குழி பண்ணி நெய். ஊரும் சும்மா இருக்கவில்லை; ஆளாளுக்கு முட்டை, பால், வத்தல்மலைத் தேன். தங்கச்சி போதும் என்றால், "உனக்கா போடறேன்? உள்ள இருக்கறதுக்குப் போடறேன், தின்னு" என்பார்.

அன்று ஸ்கேனைப் பார்த்த டாக்டர், ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது, இப்போது பாதிக்கு மேல் எடுத்தால் மிச்சம் அவளுக்கே போதாது என்றார். ஆறு வாரத்தில் உடம்பைக் குறைத்து வரவேண்டும். குறையாவிட்டால் தங்கச்சியிடம் எடுக்க மாட்டேன் என்றார். அதற்கு மேல் என் உடம்பு தாங்குவது கஷ்டம் என்று அவருக்கும் தெரியும். தங்கச்சி பரவாயில்லை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். டாக்டர் அசையவில்லை.

"நல்லா நடந்து வந்தவங்க நல்லா நடந்து போகணும்மா. அதுக்கப்புறம்தான் உங்க அண்ணன்."

என் தங்கச்சி பக்கம் நின்று பேச ஓர் ஆள் இருக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கியது.

ஸ்டேஷன் வாசலில் அத்தையிடம், "பாசம்தானுங்க அத்தை, கரைஞ்சிரும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

ஆட்டோ வந்து நின்றது. ஊர் அங்கிருந்து நாலு கிலோமீட்டர். அத்தைக்கு முட்டிவலி வேறு. என்னை மட்டும் ஏற்றிவிட்டு, பைகளை என் மடியில் வைத்து, மெதுவாகப் பின்னாலேயே வரும்படி ஆட்டோக்காரரிடம் சொல்லிவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகி, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தார்.