கோடரியைக் கொண்டுவந்தவன் செய்தது சரியா?

அந்த நாவலை வாசிக்காதவர்களும் வாசித்தவர்கள் மாதிரிக் கதைத்துக்கொண்டு திரிந்த காலம் அது. இரும்பு, செம்பு எதையும் அறியாத ஆதிகாலத்து மனிதர்களின் கதை. தோலை உடுத்து, கல்லால் வெட்டி, குகை குகையாக மாறித் திரியும் ஒரு கூட்டத்தைப் பற்றிய செங்கல் பருமனான புத்தகம். யாழ்ப்பாணத்திலிருந்து யாரோ வாங்கிவந்த ஒரேயொரு பிரதி ஊரெல்லாம் கை மாறி, அட்டை கழன்று, மாவு கொண்டுவந்த கடதாசிப் பையை வெட்டி உறை போட்ட நிலையில் என்னிடம் வந்தது. ஆவலாகத்தான் வாசித்தேன். எனக்குப் பிடிக்கவில்லை.

பிடிக்காததற்குக் காரணம் பேன். அந்தக் கூட்டத்துப் பெண்கள் ஒருத்தியின் தலையிலும் பேன் இல்லை. மாதக்கணக்காகக் குளிக்காமல், ஒருவர்மேல் ஒருவர் விழுந்து படுக்கிறவர்களுக்குப் பேன் இல்லையாம். பதுங்குகுழிக்குள் கிடந்த எங்களுக்குத் தெரியும், பேன் எத்தனை கெதியில் வரும் என்று. எழுதியவர் ஒருநாள்கூடக் குளிக்காமல் இருந்திருக்கமாட்டார். வாசகர் வட்டத்தில் இதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

நான் கிளிநொச்சிப் பக்கம் ஸ்கந்தபுரத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் நிற்கிறேன். அரிசி நிறுக்கிற வேலை. கையைவிட எனக்கு வாய் வேகம் என்று சனம் சொல்லும். ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் சனசமூக நிலையத்தில் நாலைந்து கதிரையை இழுத்துப் போட்டுப் புத்தகம் பற்றிக் கதைப்போம். ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் வருவார். அவரை எல்லோரும் சேர் என்போம். கம்பஸில் படிக்கும் பிள்ளை ஒன்று லீவுக்கு வந்தால் வரும். தோட்டக் கிணறுகளின் தண்ணீர் மோட்டர் திருத்துகிற ஒருவரும் வருவார். என்னைவிட இளையவர், கலியாணம் செய்து எங்கள் பக்கம் வந்து குடியேறியவர். வருவார், இருப்பார், அதிகம் பேசமாட்டார்.

நாவலில் ஓர் இடம் இருந்தது. வேட்டைக்காரன் ஒருவன் ஆற்றங்கரையில் முன்பின் தெரியாத ஒருவனின் பிணத்தைக் காண்கிறான். அதன் கையிலிருந்த கல்கோடரியை எடுத்துக்கொண்டு போகிறான். பல குளிர்காலம் கழித்து வேறொரு கூட்டத்தைச் சந்திக்கிறான். அங்கே ஒருத்தி பொழுதுபட்டதும் ஆற்றைப் பார்த்தபடி நிற்கிறாள். கோடரியில் இருந்த அதே அடையாளம் அவளுடைய கழுத்துமணியிலும் இருக்கிறது. அவன் கோடரியைக் கொண்டுபோய் அவள் காலடியில் வைக்கிறான். அவள் சத்தம் போடவில்லை. கல்லை எடுத்துத் தலைமயிரை அறுத்துக்கொள்கிறாள்.

ஊரை இரண்டாக்கியது இந்த இடந்தான். மனிதன் மனிதனான இடமே இதுதான் என்று சேர் சொன்னார். அதுவரை நாவலில் வந்த மிருகம், நெருப்பு எல்லாவற்றிலும் பிழை பிடித்தவர் அவர். கம்பஸ் பிள்ளைக்கோ அந்த வேட்டைக்காரனையே அவள் கட்டியிருக்கவேண்டும். மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு வேறெங்கோ பார்த்தார்கள்.

ஏன் பார்த்தார்கள் என்றால், என் கணவரும் காணாமல்போனவர். சண்டையின் கடைசிக் கிழமைகளில் முல்லைத்தீவுக் கடலோரத்தில், பதுங்குகுழியில் எங்களை விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். வரவில்லை. பிறகு வவுனியா முகாமில் யாரோ ஒரு பெண், அவரை ஆமிக்காரர் ஆட்களை ஏற்றிய ஒரு பஸ்ஸுக்குள் கண்டதாகச் சொன்னாள். அந்த ஒரு சொல்லில்தான் மாமி, அவரைப் பெற்றவர், இன்னமும் உயிர் வைத்திருக்கிறார். மகனின் படத்தைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு கிளிநொச்சியில், காணாமல்போனவர்களைக் கேட்டுப் போராடுகிறவர்களின் வீதியோரக் கொட்டகைக்குப் போய், மற்றத் தாய்மாரோடு இருந்துவிட்டுப் பின்னேர பஸ்ஸில் வருவார். நான் பொட்டு வைக்கிறேன். கலியாண வீடுகளில் ஆராத்தி எடுக்க என்னைக் கூப்பிடவும் தயங்குவார்கள், கூப்பிடாமல் விடவும் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் கலியாண வீடுகளுக்குப் போவதை விட்டுவிட்டேன்.

அன்றைக்கு மோட்டர் திருத்துகிறவர் தானாகவே வாயைத் திறந்தார்.

“அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. அவன் கொண்டுவந்து குடுத்தது சரியோ, பிழையோ?”

கேள்வி என்னிடம் நேராக வந்தது எனக்குப் பிடித்திருந்தது. மற்றவர்களைப் போல ஒளித்துப் பிடித்து விளையாடவில்லையே.

“பிழை,” என்றேன். “உவனை ஆர் வரச்சொன்னது? அவள் தன்ர பாட்டுக்கு ஆத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவள். பாத்துக்கொண்டு நிண்டபடியாத்தான் சமைச்சவள், சாப்பிட்டவள், தலை இழுத்தவள். உவன் தன்ர பாரத்தை இறக்கி அவளின்ர தலையில வைச்சிட்டுப் போட்டான். கோடரியை ஆத்துக்குள்ள எறிஞ்சுபோட்டு வாயைப் பொத்திக்கொண்டு போயிருக்கலாம்.”

அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“அப்பிடியே விட்டிட்டுப் போகேல்லையே அக்கா. பனையோலை வெட்டிப் போட்டு மூடி, மேல மண்ணும் இழுத்துவிட்டிட்டுத்தானே போனவன். நாய் தொடாத மாதிரி. அது தெரிஞ்சாலாவது அவளுக்கு ஒரு ஆறுதல் வராதோ?”

சேர் கதிரையில் நிமிர்ந்தார். “தம்பி, அந்தக் குளிருக்குள்ள பனை எங்கால வந்தது? நீர் எந்தப் புத்தகத்தை வாசிச்சனீர்?”

எல்லோரும் சிரித்தோம். நான்தான் கூடச் சிரித்தேன். “தம்பி மோட்டரைத் திருத்துறமாதிரி நாவலையும் திருத்திப்போட்டார்,” என்று எடுத்தும் கொடுத்தேன். அவரும் சிரித்தார். தேநீர் வருவதற்கு முதலே ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த நாள் கடையில் சனமில்லாத நேரம் அந்த இடத்தைத் திரும்ப வாசித்தேன். அவரை இன்னும் கொஞ்சம் நக்கலடிக்கலாம் என்ற நினைப்புத்தான். புத்தகத்தில் வேட்டைக்காரன் பிணத்தை மூடவேயில்லை. விரலை விரித்துக் கோடரியை எடுக்கிறான், நடக்கிறான். பனை இல்லை. மண் இல்லை. அந்தப் புத்தகம் முழுவதிலும் ஒரு நாய்கூட இல்லை. நான் அரிசி மூட்டையின்மேல் இருந்துவிட்டேன். பனையும் மணலும் சோறு போட ஆளில்லாத நாய்களும் எந்தக் கரையில் இருந்தன என்று எனக்குத் தெரியும். கிளிநொச்சிக்குச் சாமான் வாங்கப் போகிறபோதெல்லாம் அவர் அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் போகிறார் என்பதும், மாமி படத்தை வீதியைப் பார்க்கத்தான் பிடித்துக்கொண்டிருப்பார் என்பதும் அப்போதுதான் உறைத்தது. அவர் என்னிடம் நாவலைப் பற்றிக் கேட்கவில்லை.

முதலில் வந்தது கோபம். இந்த மனிசனுக்கு வேறு வேலை இல்லையா என்று. கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. அவர் வாயைத் திறக்காதவரைக்கும் நான் ஒருத்தரின் மனைவி. அவர் கடைக்கு வந்தபோது பின்னறைக்குள் போய் நின்றுகொண்டு, கடையில் நிற்கும் மற்றப் பிள்ளையைச் சாமான் கொடுக்கச் சொன்னேன். வாசகர் வட்டம் வேறு புத்தகத்துக்குப் போய்விட்டது. அவர் வருவதை விட்டுவிட்டார். வராமல் இருந்ததற்கும் எனக்குக் கோபம் வந்தது. நான் சொன்ன அபிப்பிராயத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு, கோடரியைத் தன்னோடேயே வைத்துக்கொண்டு இருக்கிறார். வாசகர் என்றால் கொஞ்சம் வாதாட வேண்டாமா?

மழைக்கு முந்திய ஒரு காலையில் அவருடைய வீட்டுக்குப் போனேன். கொட்டிலுக்குள் ஒரு மோட்டரைக் கழற்றிப் போட்டு வைத்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி, சீலைத்துண்டில் கையைத் துடைத்தார். துடைத்து முடியவேயில்லை.

“தம்பி, அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் சொன்னதை மாத்தீட்டன்,” என்றேன்.

அவர் தெரியாத மாதிரி நடிக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டார். தான் நிலத்தில் குந்தினார்.

“எனக்கு அவரை முன்னப் பின்னத் தெரியாது அக்கா. கொட்டகையடியில படத்தைக் கண்டாப் பிறகுதான் ஆரெண்டு தெரியும். சாரத்தை மடிச்சுக் கட்டியிருந்தவர். செல் துண்டு முதுகிலதான் பட்டது. முகத்துக்கு ஒண்டும் இல்லை, நித்திரை மாதிரி.”

அது பொய்யாக இருக்கலாம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

“கையில தண்ணிக் கான் இருந்தது,” என்றார். “கானுக்கு ஒண்டும் நடக்கேல்லை. நிறையத் தண்ணி.” சீலைத்துண்டைத் திரும்பவும் கையில் எடுத்தார். “நான் குடிச்சனான் அக்கா. என்ர மனிசிக்கும் குடுத்தனான். பிறகுதான் ஓலை வெட்டினனான்.”

அந்தத் தண்ணீருக்காக நானும் மாமியும் பதுங்குகுழி வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தோம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவர் உடைந்துபோவார். வேறு யாராவது குடித்தார்களே என்று இன்றைக்கு நினைக்கிறேன். அன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை. அவரை வெறுத்தேன்.

“இடத்தைக் காட்டுவியளோ?”

“ஏலாதக்கா. ரெண்டுதரம் போய்ப் பாத்தனான். அந்தப் பனையள் ஒண்டும் இப்ப இல்லை.”

“என்ன நாள்?” பதுங்குகுழிக்குள் கிடந்த எங்களுக்கு நாட்கணக்குத் தப்பிப்போயிருந்தது.

“அமாவாசைக்கு முதல்நாள். சரியான இருட்டு. அதால மறக்கேல்லை.”

அழுகை வரவில்லை. தொண்டை காய்ந்துபோய் இருந்தது. அவரிடம் தண்ணீர் கேட்க வாய் வரவில்லை. அப்படியே எழும்பி வந்துவிட்டேன்.

வரும் வழியெல்லாம் கணக்குத்தான் ஓடியது. திதி தெரிந்துவிட்டது. இனி என் கணவருக்குத் திவசம் கொடுக்கலாம். ஐயரைக் கூப்பிடலாம், பிடித்ததைச் சமைத்துப் படைக்கலாம். இத்தனை வருடம் பசியோடு திரியும் ஆன்மாவுக்கு ஒரு பிடி சோறு. ஆனால் எங்கள் வீட்டுக் குசினியில் மாமிக்குத் தெரியாமல் ஒரு வாழைக்காய்கூட வேகாது.

பின்னேர பஸ்ஸில் மாமி வந்தார். படத்தைச் சுற்றியிருந்த பொலித்தீனைக் கழற்றித் தூசி துடைத்தார். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். நேரே சொல்ல எனக்கும் தைரியம் இல்லை. எல்லோரிடமும் பட்டென்று பேசுகிற நான், ஒரு நாவலைத்தான் தூக்கிப் பிடித்தேன். ஆற்றங்கரை, பிணம், கோடரி, அந்தப் பெண் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

“மாமி, அவன் செய்தது சரியோ, பிழையோ?”

மாமி தேநீரை ஊதிக்கொண்டு யோசித்தார். வாசகர் வட்டத்தில் யாருமே சொல்லாத அபிப்பிராயம் ஒன்று அவரிடம் இருந்தது.

“அவள் ஏன் பிள்ளை அவனை நம்பினவள்? பிணத்தைக் கண்டவளோ? ஆரின்ரையோ கோடரியைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒருநேரச் சாப்பாட்டுக்குப் பொய் சொல்லியிருப்பான் பாவி. தலைமயிரையும் அறுத்தவளாம், விசரி. நானெண்டா அவனை அடிச்சுக் கலைச்சிருப்பன்.”

பிறகு படத்தை அலுமாரிக்குமேல் நிமிர்த்தி வைத்தார்.

“நாளைக்கு வெள்ளன பஸ். சோத்தைக் கட்டி வை பிள்ளை.”

கட்டி வைத்தேன். இன்றும் கட்டிக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.