நாடாவுக்கு அடியில் மறைத்த புண்

கோட்டை மலையடியில் ஆட்டுக்குப் புல் அறுத்துவிட்டு வந்த பிறகு எனக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். எந்த மாத்திரைக்கும் இறங்கவில்லை. செஞ்சி ஆஸ்பத்திரி டாக்டரம்மா கேட்டார், "ஆயா, புல்லுல போனீங்களா? ஒடம்புல எங்கனா கருப்பா புண்ணு இருக்குதா?"

"ஒண்ணுமில்ல தாயி" என்று பொய் சொன்னேன். பாவாடை நாடா கட்டும் இடத்தில் ஒன்று இருந்தது. நாடா உரசிய புண்தானே, அதைப் போய்க் காட்டுவார்களா?

அவர் விடவில்லை. திரையை இழுத்துவிட்டு, "நாடாவ அவுருங்க" என்றார்.

"எங்க வூட்டுக்காரரே பகல்ல பாத்ததில்ல!"

சிரித்துக்கொண்டே பார்த்தார். சிகரெட்டால் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு. "இதான் ஆயா! புல்லுப் பூச்சி கடிச்ச காய்ச்சல். இன்னும் மறைச்சிருந்தா உசுருக்கே ஆபத்து."

மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இரண்டாம் நாளே எழுந்து களி கேட்டேன்.

இப்போது புல்லுக்கு வரும் பெண்களுக்கெல்லாம் தழும்பைக் காட்டுகிறேன். "மானம் போவுது அத்த" என்கிறாள் மருமகள்.

"போவட்டும்டி. நான் இருக்கறேன்ல!"