கழுத்தளவு வெந்நீர்

சிங்காரப்பேட்டைப் பக்கத்து வெயிலில் வளர்ந்தவள் நான். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் கழித்து, தளி ஊருக்கு மேலே ஒரு குடியானவர் வீட்டில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். அங்கே ஐப்பசி பிறந்துவிட்டால் பேசும்போதே வாயில் புகை வரும். குளிரைக் குறை சொல்லவில்லை. என் உடம்புக்கு அது புதிது, அவ்வளவுதான். வேலையில் என்னை யாரும் மிஞ்சியதில்லை. மற்றவள் ஒரு வரிசை நாற்று நடுவதற்குள் நான் ஒன்றரை வரிசை நட்டிருப்பேன்.

இரண்டாவது பிள்ளை ஆவணியில் பிறந்தது. அதோடு இடுப்பு பிடித்துக்கொண்டது. நின்றால் உட்கார முடியாது. உட்கார்ந்தால் எழுப்பிவிட ஒருவர் வேண்டும். ஒத்தடம், பற்று, கஷாயம் எல்லாம் பார்த்தாயிற்று. மாமியார் இரண்டு மாதம் பொறுத்தார். பிறகு என் காது கேட்கவே மகனிடம் சொன்னார்.

"கேவுரு அறுப்பு வரைக்கும் பாக்கறேன். குந்தி அருவா புடிச்சான்னா இருக்கட்டும். இல்லன்னா வண்டி கட்டி அவங்க ஊர்ல உட்டுட்டு வந்துடு."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அப்படி வண்டியேறிப் போனவள் திரும்பி வந்ததை நான் கேள்விப்பட்டதில்லை. மாமியாரின் தம்பி மகள் ஒருத்தி கல்யாணத்துக்கு நின்றதும் எனக்குத் தெரியும்.

அந்த வீட்டில் என் மூத்தார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், தனி ஆளாக இருந்தார். மலாயாவில் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரர்கள் அவரைப் பிடித்து விறகு வெட்ட வைத்தார்கள். அவர்களிடம் பட்ட அடி முதுகில் தழும்பாக இருந்தது. அவர்களைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லமாட்டார், குளியலைத் தவிர. பீப்பாயில் தண்ணீர் காய்ச்சிக் கழுத்து வரைக்கும் உட்கார்ந்து கிடப்பார்களாம். அவர்கள் போனபின் மிச்சத் தண்ணீரில் இவர் இறங்குவாராம். அதுதான் தன்னை நடக்க வைத்து ஊர் சேர்த்தது என்று தம்பியிடம் சொல்வார்.

மாமியார் கெடு வைத்த மறுநாள் மூத்தார் வண்டி கட்டிக்கொண்டு சூளகிரிக்குப் போனார். அங்கே ரோடு போடுகிறவர்களிடம் ஒரு காலித் தார் பீப்பாய் கேட்டு வாங்கி வந்தார். வைக்கோல் போட்டு எரித்து, செங்கல் தூளால் நாலு நாள் தேய்த்து, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல்லின்மேல் நிறுத்தித் தட்டி கட்டினார். கால் சுடாமலிருக்க உள்ளே ஒரு பலகை.

மூத்தார் எதிரே தம்பி மனைவி நிற்கவும் மாட்டாள், பேசவும் மாட்டாள். அவர் இருமினால் நான் கதவுக்குப் பின்னால் போய்விடுவேன். அதனால் குளிக்கும் முறையை அவர் தம்பியிடம் சொன்னார். தம்பி என்னிடம், "உள்ள எறங்கி கழுத்து வரைக்கும் உக்காரணுமாம்" என்றதோடு முடித்துக்கொண்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. குளியல் என்றால் எனக்கு எண்ணெய்க் குளியல்தான். தலை முதல் கால் வரை விளக்கெண்ணெயைப் பூசிக்கொண்டு, கையில் சீயக்காயோடு இறங்கினேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மாட்டுக் கழுநீர் போல ஆனது. எனக்குப் பின்னால் மாமியார், என் வீட்டுக்காரர், கடைசியில் மூத்தார் என்று எல்லோரும் அதே தண்ணீரில் உட்கார வேண்டுமென்பது எனக்கு எப்படித் தெரியும்? மாமியார் எட்டிப் பார்த்தார். அரை நாள் இறைத்த தண்ணீர், ஒரு கட்டு விறகு. பீப்பாயை மாட்டுத் தொட்டியாக்கிவிடுங்கள் என்றார்.

அப்போது தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து மூத்தாரின் குரல் நேராக என்னிடமே வந்தது.

"அம்மா, அது அழுக்கு கழுவற எடம் இல்ல. வெளியவே தேச்சி ஊத்திக்கோ. அப்புறம் உள்ள எறங்கி சும்மா உக்காரு. ஒரு வேலையும் செய்யாத. நெத்தியில வேர்வ வந்தா எழுந்துடு."

தம்பி பெண்டாட்டியிடம் பேசிவிட்டாயே என்று மாமியார் அவர்மேல் பாய்ந்தார். "பேசாம இருந்ததாலதானே தண்ணி போச்சு" என்றார் அவர்.

மறுநாள் அவரே தண்ணீர் இறைத்துக் காய்ச்ச, சொன்னபடியே செய்தேன். பலகை என்னோடு அடியில் இறங்கியது. சூடு பாதத்தில் ஏறி, முழங்காலில் நின்று யோசித்து, இடுப்புக்கு வந்தது. அங்கே யாரோ இறுக்கிக் கட்டியிருந்த கயிறு பிரிபிரியாக அவிழ்கிற மாதிரி இருந்தது. எண்ணெய்க் குளியலில் தேய்க்க வேண்டும், அலச வேண்டும், சிக்கெடுக்க வேண்டும். இதில் கைக்கு வேலையே இல்லை. பிறந்ததிலிருந்து சும்மா உட்கார்ந்தது அன்றுதான். தண்ணீருக்குள்ளேயே மெல்லக் காலை மடக்கிப் பார்த்தேன். பாதி மடங்கியது.

ஊரில் கேலி இல்லாமலா? "உப்பு போட்டாச்சா, வெந்துட்டாளா?" என்று அடுத்த வீட்டுக்காரி தினமும் கேட்பாள். கேட்டுக்கொண்டே தட்டி இடுக்கில் கையை நுழைத்துத் தண்ணீரின் சூட்டைத் தொட்டுப் பார்ப்பாள்.

மூத்தார் அதற்குப் பிறகு என்னிடம் நேரில் பேசவில்லை, நானும் பேசவில்லை. நன்றி என்று வாய்விட்டுச் சொல்ல வழி இல்லாத உறவு அது. அடி வாங்கிய இடத்திலிருந்து அவர் ஒரு சுகத்தை மட்டும் எடுத்துவந்து எனக்குக் கொடுத்தார். இந்த வயதிலும் நான் யார் கையையும் பிடிக்காமல் எழுந்து நடக்கிறேன். அது அவர் கொடுத்தது.

கார்த்திகைக் கடைசியில் கேழ்வரகு அறுப்பு வந்தது. மாமியார் வரப்பில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வரிசையில் குந்தினேன். வலி இருந்தது, ஆனால் இடுப்பு மடங்கியது. முதல் வரிசை முடித்து, யாரையும் கூப்பிடாமல் எழுந்து, இரண்டாவதில் உட்கார்ந்தேன். மாமியார் மகனைப் பார்த்துச் சொன்னார்.

"அவ கையில இருக்கறது மொண்ண அருவா. புதுச குடு."