இது வஞ்சிரம் இல்லை

என் மனைவிக்கு எட்டு வருடமாக மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். ஒருநாள் விட்டு ஒருநாள் தொடையில் தானே ஊசி போட்டுக்கொண்டு, பட்டாபிராமிலிருந்து ரயிலேறி வேலைக்கும் போய் வருகிறாள்.

போன கோடையில் ஒருநாள் காலையிலேயே கரன்ட் போய்விட்டது. ஃப்ரிட்ஜில் அவளுடைய ஊசிகள் இருந்தன. அவள் வேலைக்குப் போயிருந்தாள். பதறிப்போய்த் தெருமுனை மீன்கார அம்மாவிடம் ஓடினேன்.

"ஐஸ்ல உப்பு போட்டு பொதச்சி வெய் நைனா, ரெண்டு நாளானாலும் கெடாது" என்று பை நிறைய ஐஸ் தந்தார். அப்படியே செய்தேன்.

மாலையில் வந்தவள் ஊசிகளை எடுத்துப் பார்த்தாள். மருந்து உறைந்திருந்தது.

"வெளிய இருந்தாகூட ஒரு நாள் தாங்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. உறைஞ்சா தூக்கித்தான் போடணும். இது வஞ்சிரம் மீன் இல்லங்க."

அதற்குமேல் திட்டவில்லை. ரயில் தாமதமாகலாம் என்று அன்றைய ஊசியைக் கைப்பையில் எடுத்துப் போயிருந்தாள். முகம் சுளிக்காமல் அதைப் போட்டுக்கொண்டாள். நான் பஞ்சை எடுத்துக் கொடுத்தேன்.

போன வாரமும் கரன்ட் போனது. எதையும் தொடாமல் முதலில் அவளுக்குப் போன் செய்தேன்.

"ஃப்ரிட்ஜ் கதவ மட்டும் திறக்காதீங்க, வந்து பாத்துக்கறேன்" என்றாள். திறக்கவில்லை.